முதல் படமும் முந்திக்கொள்ளும் தீர்ப்புகளும்: குறைந்த விலை ஸ்போர்ட்ஸ் கூப்பேயின் தோற்றத்தைப் படிப்பது எப்படி?

புதிதாக வரவிருக்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் கூப்பேயின் முதல் படம் வெளியானதும், அந்த வண்டியை யாரும் ஓட்டிப் பார்ப்பதற்கு மாதக்கணக்கில் முன்பாகவே அதன் தோற்றத்தைப் பற்றிய தீர்ப்புகள் குவிந்துவிடுகின்றன. மூக்கு சரியில்லை என்பார் ஒருவர், பின்பக்கம் வேறொரு கம்பெனி வண்டியைப் போல இருக்கிறது என்பார் இன்னொருவர், கண்காட்சியில் காட்டிய மாதிரி வண்டியின் அழகு போய்விட்டது என்று வருத்தப்படுவார் மூன்றாமவர். வண்டி விலை குறைந்ததாக இருந்தால் இந்த வாக்குவாதத்தின் சூடு கூடுமே தவிரக் குறையாது. கார்களைப் பற்றி இப்போதுதான் ஆர்வம் கொள்ளத் தொடங்கியிருப்பவர்கள் இந்தப் பேச்சைக் கேட்கும்போது, எல்லாம் அவரவர் ரசனைதானே என்று ஒதுங்கிவிடுவது வழக்கம். ரசனைக்கு அதில் பெரிய இடம் உண்டு என்றாலும், அந்தக் கருத்துகளில் பாதிக்குமேல் அளந்து பார்க்கக்கூடிய விஷயங்களைப் பற்றியவை. அவற்றை எப்படி அளப்பது, எந்தக் கருத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதை இங்கே எளிமையாக விளக்க முயல்கிறேன்.

கூப்பேயும் அதன் விலையும்

இரண்டு கதவுகளும், முன்கண்ணாடிக்கு மேலே உச்சியைத் தொட்டு அங்கிருந்து டிக்கியை நோக்கி ஒரே ஓட்டமாக இறங்கும் கூரையும் கொண்ட தாழ்வான வண்டியைத்தான் பொதுவாக கூப்பே என்கிறார்கள். பின்னால் இருக்கைகள் இருந்தாலும், அவற்றில் வளர்ந்தவர்கள் நெடுந்தூரம் உட்கார முடியாது. விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு எஞ்சின், சேஸிஸ், கியர்பாக்ஸ் எல்லாமே அதற்கென்று தனியாகச் செய்யப்படலாம். விலை குறைந்த கூப்பேக்கு அந்த வசதி கிடையாது என்பதால், அதே கம்பெனியின் அன்றாடக் குடும்பக் காரிலிருந்து எஞ்சினையும் அடிப்பாகங்களையும் எடுத்துக்கொண்டு, அதன்மேல் வேறொரு உடலைப் பொருத்துவதே பழைய வழி. 1964 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவில் அறிமுகமான ஃபோர்ட் மஸ்டாங், ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் பாகங்களைக் கொண்டு அப்படித்தான் உருவானது. அதன் தொடக்க விலை 2,368 டாலர். இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள், 1966 மார்ச்சில், பத்து லட்சமாவது மஸ்டாங் தயாராகிவிட்டது. ஐரோப்பாவில் 1969ல் வந்த ஃபோர்ட் கேப்ரி கார்டினாவின் பாகங்களையும், ஜப்பானில் 1970ல் வந்த டொயோட்டா செலிக்கா கரினாவின் பாகங்களையும் பகிர்ந்துகொண்டன.

இந்த வண்டிகளை வாங்கியவர்கள் முதன்மையாக எதற்குப் பணம் கொடுத்தார்கள் என்று பார்த்தால், நீண்ட பானட்டும் குறுகிய டிக்கியும் சேர்ந்த அந்த உருவத்துக்குத்தான். எஞ்சின் குடும்பக் காரிலும் கிடைத்தது, உருவம் அதில் கிடைக்கவில்லை. ஆகவே, குறைந்த விலை கூப்பேயின் தோற்றத்தைப் பற்றி ஆர்வலர்கள் கோபப்படும்போது அதை அற்ப விஷயத்துக்கான சண்டை என்று தள்ளிவிடக் கூடாது என்பது என் கருத்து. அவர்கள் வாங்க நினைக்கும் பொருளின் பெரும்பகுதியே அந்தத் தோற்றம்தான்.

முதலில் பார்க்க வேண்டியது விகிதம்

ஒரு படத்தைப் பார்த்ததும் கண் ஹெட்லைட்டுக்கும் கிரில்லுக்கும்தான் போகும். ஆனால் ஒரு கூப்பே கூப்பேயாகத் தெரிவதற்கும் தெரியாமல் போவதற்கும் காரணம் அதன் விகிதம், அதாவது உடலின் பாகங்கள் ஒன்றுக்கொன்று எந்த அளவில் இருக்கின்றன என்பது. விகிதம் சரியாக அமைந்த வண்டியில் விளக்கு கொஞ்சம் பிடிக்காமல் போனாலும் அது தாங்கும். விகிதம் தவறிய வண்டியை எந்த விளக்காலும் காப்பாற்ற முடியாது. இதை உணர்வதற்குப் பக்கவாட்டுப் படம் ஒன்று இருந்தால் போதும்.

அந்தப் படத்தில் முன்சக்கரத்தின் மையத்துக்கும் கதவு தொடங்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் எஞ்சின் குறுக்கு வாட்டத்தில், முன்சக்கரங்களின் அச்சுக்கு மேலும் முன்னுமாக வைக்கப்பட்டு, முன்சக்கரங்களையே இயக்குகிறது. அப்படி வைக்கும்போது முன்சக்கரம் கதவை நெருங்கி வந்துவிடும், சக்கரத்துக்கு முன்னால் மூக்கு நீண்டு தொங்கும். எஞ்சினை நீளவாட்டத்தில் சற்றுப் பின்னால் தள்ளி வைத்துப் பின்சக்கரங்களை இயக்கும் வண்டியில், முன்சக்கரம் முன்னோக்கி நகர்ந்து, கதவுக்கும் அதற்கும் இடையே நல்ல இடைவெளி விழும். “வண்டி நிற்கிற நிலையே சரியில்லை” என்று அனுபவமுள்ள ஒருவர் சொல்லும்போது, பெரும்பாலும் அவர் கண் இந்த இடைவெளியைத்தான் அளந்திருக்கும்.

அடுத்தது, சக்கரத்துக்கும் உடலின் உயரத்துக்கும் உள்ள உறவு. 2012 முதல் விற்பனைக்கு வந்த டொயோட்டா 86 என்ற கூப்பேயை எடுத்துக்கொள்வோம். அதன் டயர் 215/45 ஆர்17 அளவுடையது, அதாவது டயரின் அகலம் 215 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 சதவீதம், நடுவில் உள்ள உலோகச் சக்கரம் 17 அங்குலம். இந்த எண்களிலிருந்து கணக்கிட்டால் சக்கரத்தின் முழு விட்டம் சுமார் 625 மி.மீ. வண்டியின் உயரம் சுமார் 1,300 மி.மீ. அதாவது, இரண்டு சக்கரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் கிட்டத்தட்டக் கூரையைத் தொட்டுவிடும். நம் ஊரில் தெருவுக்கு ஒன்றாக நிற்கும் மாருதி ஸ்விஃப்டின் 185/65 ஆர்15 டயரைக் கணக்கிட்டால் விட்டம் சுமார் 620 மி.மீ. வருகிறது. இரண்டு வண்டிகளின் சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவுதான். ஆனால் 2018ல் வந்த ஸ்விஃப்டின் உயரம் 1,530 மி.மீ. என்பதால், அங்கே கூரையைத் தொட இரண்டரைச் சக்கரங்கள் வேண்டியிருக்கிறது. கூப்பேயின் சக்கரம் பெரிதாகத் தோன்றுவதற்குக் காரணம் சக்கரத்தின் அளவில் இல்லை, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் உடல் குட்டையாக இருப்பதில் இருக்கிறது. அடுத்த முறை ஏதாவது ஒரு வண்டியின் பக்கவாட்டுப் படம் கைக்கு வந்தால், கைப்பேசித் திரையிலேயே சக்கரத்தின் விட்டத்தை ஒரு காகிதத் துண்டில் குறித்துக்கொண்டு, அது கூரைவரை எத்தனை முறை போகிறது என்று அளந்து பாருங்கள். ஒருவருடைய தீர்ப்பை அப்படியே ஏற்பதைவிட இது நம்பகமானது.

உடல் குட்டையாக வேண்டுமென்றால் பானட் தாழ வேண்டும், பானட் தாழ வேண்டுமென்றால் எஞ்சின் தாழ வேண்டும். டொயோட்டா 86 வண்டியில் சுபாருவின் பாக்ஸர் எஞ்சின் வைக்கப்பட்டதன் பயன் இங்கேதான் தெரிகிறது. அந்த எஞ்சினில் பிஸ்டன்கள் மேலும் கீழுமாக ஓடாமல், படுத்த நிலையில் இடமும் வலமுமாக ஓடுகின்றன. எஞ்சினின் உயரம் குறைந்ததால் மூக்கைத் தாழ்த்த முடிந்தது, வண்டியின் ஈர்ப்பு மையமும் கீழே இறங்கியது. தோற்றத்தைப் பாராட்டும் ஒருவர் தம்மை அறியாமலே அந்த எஞ்சினையும் சேர்த்துத்தான் பாராட்டுகிறார்.

வெயிலும் லென்ஸும் செய்யும் வேலை

விகிதத்துக்கு அடுத்தது தகட்டின் பரப்பு. கதவிலும் பின்சக்கரத்தின் மேலும் தகடு எப்படிப் புடைத்து, எங்கே உள்வாங்கி, எந்தக் கோட்டில் மடிகிறது என்பதைப் பற்றிய பேச்சு இது. முதல் படத்தை வைத்து இதைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் அவசரப்பட்டு ஏற்க மாட்டேன். பாம்பனிலும் மண்டபத்திலும் மர வள்ளம் கட்டும் ஓடாவி, பலகை அடித்து முடித்ததும் அணியத்தின் (வள்ளத்தின் முன்முனையின்) அருகே குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பலகையின் நீளத்தோடு பார்வையை ஓடவிட்டுப் பார்ப்பார். நேர் எதிரில் நின்று பார்த்தால் தெரியாத மேடு பள்ளம், அந்தச் சாய்ந்த பார்வையில் தெரிந்துவிடும். கார் வடிவமைப்பு நிலையங்களிலும் முழு அளவில் களிமண் மாதிரி செய்து, அதன்மேல் பளபளப்பான படலத்தை ஒட்டி, விளக்கின் ஒளிக்கோடு அதன்மேல் தடங்கலின்றி ஓடுகிறதா என்று இதே முறையில்தான் சரிபார்க்கிறார்கள். பரப்பைக் காட்டுவது ஒளி. அந்த ஒளி எந்தத் திசையிலிருந்து விழுகிறது என்பதைப் பொறுத்து ஒரே வண்டி இரண்டு வண்டியாகத் தெரியும்.

இந்தக் கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. ராமேசுவரம் பகுதி ஏறத்தாழ ஒன்பதேகால் பாகை வட அட்சரேகையில் இருப்பதால், சித்திரை பிறக்கும் நாட்களிலும் ஆவணியின் நடுவிலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். அந்த வேளையில் தனுஷ்கோடிச் சாலையில் நிற்கும் காரைப் பாருங்கள். பானட்டும் கூரையும் கண்ணைப் பறிக்கும், பக்கவாட்டுத் தகடு முழுக்க நிழலில் தட்டையாகக் கிடக்கும், கதவின் மடிப்பு இருப்பதே தெரியாது. அதே வண்டியை அரிச்சல்முனையில் மாலை ஐந்தரை மணிக்குப் பார்த்தால், மேற்கிலிருந்து சாய்ந்து வரும் வெயில் ஒவ்வொரு மடிப்பையும் தனித்தனியே எடுத்துக் காட்டும். இருபுறமும் கடலும் வெண்மணலும் இருப்பதால் கீழிருந்தும் ஒளி ஏறி, கதவின் அடிப்பகுதியில் வேறொரு சாயல் விழும். கம்பெனிகள் வெளியிடும் படங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட சாய்ந்த ஒளியிலோ, அதை நகலெடுக்கும் ஸ்டுடியோ விளக்கிலோ எடுக்கப்பட்டவை. யாரோ சாலையில் மதிய வெயிலில் எடுத்து அனுப்பும் படம் அதற்கு நேர்மாறானது. முன்னதை வைத்துப் பரவசப்படுவதும் பின்னதை வைத்துச் சலித்துக்கொள்வதும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள்.

லென்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைப்பேசியின் சாதாரணக் கேமராவே அகலக் கோணத்தில் பார்ப்பது. வண்டியின் மூக்குக்கு மிக அருகில் நின்று அதனால் படம் எடுத்தால், கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் மூக்கு ஊதிப் பெரிதாகவும், தூரத்தில் இருக்கும் பின்பகுதி சுருங்கியும் தெரியும். அதே வண்டியைப் பத்துப் பன்னிரண்டு அடி பின்னால் போய் ஜூம் செய்து எடுத்தால் மூக்கு அடங்கி, உடல் முழுவதும் தன் உண்மையான அளவுக்கு வந்துவிடும். கீழக்கரையில் உறவுக்காரப் பையன் ஒருவன் கைப்பேசியை நீட்டி, “காக்கா, மூஞ்சி மட்டும் ஏன் இவ்வளவு பெருசா இருக்கு?” என்று கேட்டபோது (அங்கே காக்கா என்றால் அண்ணன்), ஷார்ஜாவில் டிங்கரிங் பட்டறையில் பல ஆண்டு வேலை பார்த்துத் திரும்பியிருந்த அந்தப் பெரியவர் படத்தைப் பெரிதாக்கி முன்சக்கரத்தைக் காட்டினார். வட்டமாக இருக்க வேண்டிய சக்கரம் முட்டை வடிவத்தில் இழுபட்டிருந்தது. “படம் எடுத்தவன் கிட்ட போயிட்டான் வாப்பா, வண்டியைக் குறை சொல்லாதே” என்றார். படத்தின் ஓரத்தில் இருக்கும் சக்கரத்தையோ விளக்கையோ பார்த்து லென்ஸின் குறும்பைக் கண்டுபிடிக்கும் இந்த வழி, நான் அறிந்தவற்றுள் மிக எளியது.

சோதனை ஓட்டத்தில் இருக்கும் வண்டிகளின் திருட்டுப் படங்களுக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. கறுப்பு வெள்ளைச் சுருள் கோலம் போட்ட படலத்தை உடல் முழுக்க ஒட்டுவதன் நோக்கமே, தகட்டின் ஏற்ற இறக்கத்தைக் கண்ணும் கேமராவும் பிடிக்காமல் செய்வதுதான். சில சமயம் படலத்துக்கு அடியில் பொய்யான புடைப்புகளையும் வைத்துக் கட்டுவார்கள். அந்தப் படங்களிலிருந்து விகிதத்தை ஓரளவு ஊகிக்கலாம், பரப்பைப் பற்றிப் பேசுவது வீண்.

“கான்செப்ட் வண்டி இதைவிட நன்றாக இருந்தது”

ஆர்வலர்களின் மனக்குறைகளில் மிகப் பழையது இது. கான்செப்ட் என்பது விற்பனைக்கு முன் கண்காட்சியில் காட்டுவதற்கென்றே செய்யும் மாதிரி வண்டி. டொயோட்டா 86 இதற்கும் நல்ல பாடம். 2009 அக்டோபரில் டோக்கியோ கண்காட்சியில் எஃப்.டி-86 என்ற பெயரில் சிவப்பு நிறக் கான்செப்ட் ஒன்று காட்டப்பட்டது. 2011ல் ஜெனீவாவில் அதன் இரண்டாம் வடிவம் வந்தது. அதே ஆண்டின் இறுதியில், மறுபடியும் டோக்கியோவில், விற்பனைக்கான வண்டி வெளியானது. முதல் கான்செப்டின் நீளம் 4,160 மி.மீ., உயரம் 1,260 மி.மீ. விற்பனைக்கு வந்த வண்டியின் நீளம் 4,240 மி.மீ., உயரம் சுமார் 1,300 மி.மீ. இரண்டுக்கும் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம் ஒன்றே, 2,570 மி.மீ. இந்த எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஆர்வலர்கள் எதை இழந்ததாக உணர்ந்தார்கள் என்பது விளங்கும். சக்கரங்கள் நின்ற இடம் மாறவில்லை. அவற்றுக்கு முன்னும் பின்னும் சேர்த்து மொத்தம் எட்டு சென்டிமீட்டர் கூடியது, மேலே நான்கு சென்டிமீட்டர் ஏறியது. கேட்பதற்குச் சிறிய மாற்றம், ஆனால் கூப்பே போன்ற குட்டையான உடலில் அந்த நான்கு சென்டிமீட்டரைக் கண் உடனே பிடித்துவிடும்.

அந்த அளவுகள் ஏன் கூடுகின்றன என்று தெரிந்தால் மனக்குறை முழுவதும் தீராவிட்டாலும், யார்மேல் கோபப்படுவது என்பதாவது தெளிவாகும். கான்செப்ட் வண்டிக்குள் உண்மையான ஆள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு உட்கார வேண்டிய அவசியம் இல்லை. விற்பனை வண்டிக்குள் ஆறடி மனிதர் உட்கார்ந்து தலை இடிக்காமல் போக வேண்டும். பம்பருக்குப் பின்னால் மோதலைத் தாங்கும் இரும்புக் குறுக்குச்சட்டமும், அது நசுங்குவதற்கான இடமும் வேண்டும். சாலையில் நடப்பவர்மேல் வண்டி மோதினால் அவர் தலை பானட்டில் அடிபடும்போது, தகடு உள்வாங்கிக் கொடுப்பதற்கு பானட்டுக்கும் எஞ்சினின் கடினமான பாகங்களுக்கும் இடையே இடைவெளி விட வேண்டும். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இதற்கான விதிகள் 2005ஐ ஒட்டி நடைமுறைக்கு வந்தன. மூக்குகள் உயர்ந்ததற்கு இது பெரிய காரணம். பானட்டிலிருந்து எழுந்து திறக்கும் ஹெட்லைட்டுகளை மறுபடி கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை ஒவ்வொரு புதுக் கூப்பேயின் போதும் எழுகிறது. 1983ல் வந்த டொயோட்டாவின் ஏ.இ.86 வகையில், ஸ்ப்ரிண்டர் ட்ரூனோ என்ற பெயருடைய வண்டியில் அந்த விளக்குகள் இருந்தன, புது 86 தன் பெயரை எடுத்ததும் அந்தத் தலைமுறையிடமிருந்துதான். ஆனால் துருத்தி நிற்கும் கடினமான விளக்குப் பெட்டி, நடப்பவரின் பாதுகாப்புக்கு எதிரானது. அந்த அழகைத் திரும்பக் கேட்பவர்களின் ஏக்கம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் விதி வகுத்தவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக நினைக்கிறேன்.

இனி விலை. கான்செப்டின் உடலைக் கைவேலையாகவே செய்துவிடலாம். விற்பனை வண்டியின் கதவை இரும்புத் தகட்டிலிருந்து அச்சில் வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். மடிப்பு மிக ஆழமாகவோ மிகக் கூர்மையாகவோ இருந்தால் தகடு கிழியும், அல்லது அதை இரண்டு மூன்று கட்டங்களாக அழுத்த வேண்டியிருக்கும், ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி அச்சு வேண்டும். ஆண்டுக்கு லட்சக்கணக்கில் விற்கும் காருக்கு அந்தச் செலவைப் பிரித்துப் போட்டால் தெரியாது. குறைவாக விற்கும் கூப்பேக்கு அது வண்டிக்கு வண்டி பெரிய தொகையாக வந்து நிற்கும். இதனால்தான் டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து ஒரே வண்டியை உருவாக்கி, சுபாருவின் குன்மா ஆலையிலேயே இரண்டையும் தயாரித்தன. சுபாரு அதை பி.ஆர்.ஸட் என்ற பெயரில் விற்றது. கதவு, கூரை, கண்ணாடி எல்லாம் பொது, முன்பம்பரும் விளக்குகளும் வேறு சில சிறு பாகங்களும் மட்டுமே வேறு. எந்த முகம் அழகு என்று இரு தரப்பு ரசிகர்களும் வெகுகாலம் வாதிட்டார்கள். விகிதத்தைப் பொறுத்தவரை இரண்டு தரப்பும் ஒரே வண்டியைத்தான் விரும்பின.

டயரைப் பற்றிய குறையும் இந்த வகையில் சேரும். கான்செப்டின் பெரிய சக்கரங்களோடு ஒப்பிட்டுப் பதினேழு அங்குலம் சிறியது என்றார்கள், அதே அளவு டயர் ப்ரியஸ் என்ற சிக்கனக் காரின் சில வகைகளிலும் வருகிறது என்று தெரிந்ததும் ஏளனம் கூடியது. ஆனால் தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா தலைமையிலான குழு அதைத் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தது. டயரின் பிடிப்பு மிதமாக இருந்தால், 200 குதிரைத்திறன் உள்ள எஞ்சினைக் கொண்டே, மிதமான வேகத்திலேயே வண்டியின் சமநிலையை ஓட்டுநர் உணர்ந்து விளையாட முடியும் என்பது அவர்களின் எண்ணம். தோற்றத்துக்குப் பாதகமாகப் பட்டது, ஓட்டத்துக்குச் சாதகமாக இருந்தது. முதல் படத்தை மட்டும் பார்த்து இதை யாராலும் அறிந்திருக்க முடியாது.

விளக்கு, கிரில், போலித் துளைகள்

விவரங்கள் என்று சொல்லப்படும் இந்தச் சிறு பாகங்களைப் பற்றித்தான் குரல் அதிகம் எழும், ஆனால் எளிதில் மாறக்கூடியவையும் இவைதான். 86 வண்டியின் விளக்குகளும் பம்பரும் சில ஆண்டுகளிலேயே புதுப்பிக்கப்பட்டன. 2020 செப்டம்பரில் நிஸான் தன் புதிய ஸட் கூப்பேயின் முன்வடிவத்தைக் காட்டியபோது, 1969ல் வந்த 240 ஸட் வண்டியின் கூரைச் சரிவை நினைவூட்டிய பக்கவாட்டைப் பலரும் கொண்டாடினார்கள், செவ்வக வடிவக் கிரில்லைப் பலரும் வெறுத்தார்கள். இரட்டை டர்போ எஞ்சினுக்குக் காற்று நிறைய வேண்டும் என்பது அந்தப் பெரிய திறப்புக்கான காரணம். 2022 ஜனவரியில் டோக்கியோ ஆட்டோ சலோனில், அந்தத் திறப்பின் குறுக்கே உடலின் நிறத்தில் ஒரு பட்டையை வைத்து, பழைய வண்டியின் முகத்தைக் கொண்டுவந்த மாதிரி ஒன்றை நிஸானே காட்டியது. பம்பர் அளவிலான குறையைப் பம்பரை மாற்றித் தீர்த்துவிடலாம் என்பதற்கு அது சான்று.

போலித் துளைகளைப் பற்றிய கோபத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. காற்று உள்ளே போகாத இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக்கைப் பொருத்தித் துளை போலக் காட்டுவது, விலை குறைந்த வண்டிகளில் மிகுதியாகக் காணப்படுகிறது. 2019ல் வந்த டொயோட்டா சுப்ராவில் அப்படி மூடிய துளைகள் பல இருந்தன. பந்தயத்துக்கு வண்டியைத் தயார் செய்பவர்கள் அவற்றைத் திறந்து பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விளக்கம் தரப்பட்டது. 86 வண்டியின் அடுத்த தலைமுறையாக 2021ல் வெளியான ஜி.ஆர்.86 வண்டியில் முன்சக்கரத்தின் பின்னால் உள்ள துளை உண்மையிலேயே காற்றை வெளியேற்றுவது. படத்தில் துளையைக் கண்டால், அதன் உள்ளே இருட்டு ஆழமாகப் போகிறதா, விளிம்பிலேயே நின்றுவிடுகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

நம் நாட்டில் இந்தப் பேச்சு

இந்தியாவில் விலை குறைந்த ஸ்போர்ட்ஸ் கூப்பே என்ற வகையே ஏறத்தாழ இல்லை. கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் என்ற ஃபைபர் உடல் கொண்ட இரண்டு இருக்கை வண்டி 1990களின் கடைசியில் வந்து, மிகச் சிலரையே அடைந்தது. 2017 மார்ச்சில் ஜெனீவாவில் டாடா காட்டிய ரேஸ்மோ, நான்கு மீட்டருக்குள் அடங்கும் இரண்டு இருக்கை கூப்பே. இந்திய ஆர்வலர்கள் ஒரே குரலில் ஒரு வண்டியின் தோற்றத்தைப் பாராட்டிய அரிய தருணங்களில் அதுவும் ஒன்று. கண்காட்சி மேடையைத் தாண்டி அது சாலைக்கு வரவில்லை.

அதன்பின் கூப்பே என்ற சொல் உயரமான வண்டிகளின் மேல் ஏறிக்கொண்டது. 2024ல் விற்பனைக்கு வந்த டாடா கர்வ், அதே ஆண்டு நவம்பர் 26 அன்று சென்னையில் அறிமுகமான மஹிந்திரா பி.இ.6 ஆகிய இரண்டும் சரியும் கூரையோடு வந்தன, இவற்றை கூப்பே என்று அழைப்பது முறையா என்ற வாதமும் கூடவே வந்தது. இங்கேயும் சக்கரக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கர்வின் உயரம் சுமார் 1,630 மி.மீ., பி.இ.6 வண்டியின் உயரமும் ஏறத்தாழ அதுவே. கர்வின் பதினெட்டு அங்குலச் சக்கரம் டயரோடு சேர்ந்து 700 மி.மீட்டரைத் தொடவில்லை. பி.இ.6 வண்டியின் பத்தொன்பது அங்குலச் சக்கரம் டயரோடு சேர்ந்து சுமார் 750 மி.மீ. வருகிறது. எனவே கூரையைத் தொட கர்வில் இரண்டே கால் சக்கரத்துக்கு மேல் வேண்டும், பி.இ.6ல் இரண்டுக்குச் சற்று மேலே போதும். பி.இ.6 படத்தில் தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் வண்டியைப் போல இறுக்கமாகத் தெரிவதற்கும், நேரில் பக்கத்தில் ஆள் நிற்கும்போது எதிர்பாராத உயரத்தோடு தெரிவதற்கும் காரணம் இந்தச் சக்கர அளவு. இரண்டையும் கூப்பே என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வழியாகத் தொண்டிக்குப் போகும் சாலையின் வேகத்தடைகளை நினைத்தால், தரையிலிருந்து சுமார் 13 சென்டிமீட்டர் மட்டுமே உயர்ந்து நிற்கும் உண்மையான கூப்பேயை இங்கே விற்பது எவ்வளவு கடினம் என்பதும் விளங்குகிறது.

வரியும் உருவத்தைத் தீர்மானிக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் அடங்கி, 1,200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் எஞ்சின் கொண்ட காருக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., அதைத் தாண்டியவற்றுக்கு 40 சதவீதம், மின்சாரக் கார்களுக்கு 5 சதவீதம். நீண்ட பானட் என்பது நான்கு மீட்டருக்குள் எளிதில் அடங்காது என்பதால், நம் விலைக்கு ஒரு கூப்பே வருமானால் அது மின்சார வண்டியாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். மின்சார வண்டியில் உள்தளத்துக்கு அடியில் பேட்டரி படுத்திருக்கிறது. அதன் தடிமன் அளவுக்கு இருக்கை உயரும், இருக்கை உயர்ந்த அளவுக்குக் கூரையும் உயரும். 2025ல் இங்கே விற்பனைக்கு வந்த எம்.ஜி. சைபர்ஸ்டர், 110 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய பேட்டரியைப் பயன்படுத்தி 1,329 மி.மீ. உயரத்துக்குள் அடங்கியிருக்கிறது, ஆனால் அறிமுகமானபோது அதன் விலை சுமார் 75 லட்சம் ரூபாய். அந்த மெல்லிய பேட்டரியின் விலை இறங்கும்வரை, பத்துப் பதினைந்து லட்சத்துக்குள் வரும் மின்சார கூப்பே எதுவானாலும் கர்வைப் போல உயர்ந்தே நிற்கும், அதன் முதல் படத்தில் சக்கரங்கள் மட்டும் மிகப் பெரிதாக வரையப்பட்டிருக்கும்.